இந்துவை விசாரிக்க வந்தவர்

மேகமும் இறங்கி வந்து மேடையில் இடம் கேட்கும் இந்த மாலையிலே, அவையை ஆளும் தலைவர் அண்ணன் பூபதிராஜா அவர்களே! பூண்டு மணக்கும் கையும் பாசம் மணக்கும் நெஞ்சுமாய்ப் புடைசூழ வந்திருக்கும் தாய்மார்களே! கேரட் அறுவடையைப் பாதியில் விட்டுக் காதுகொடுக்க வந்த பெரியோர்களே! ஜீப்பை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த என் ஓட்டுநர் சங்கத் தோழர்களே! (ஓரங்கட்டிவிட்டு வாருங்களப்பா, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.) அனைவருக்கும் இந்தச் சின்னமுத்துவின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

நம் வட்டவடை முனீஸ்வரன் மகள் இந்து, காவல்துறைப் பயிற்சிக்கு நாளை திருச்சூர் புறப்படுகிறாள். எழுதினாள், ஓடினாள், தாண்டினாள், வென்றாள். அதற்கெல்லாம் கைதட்டிவிட்டீர்கள். நான் வாய்பிளந்து நிற்பது வேறொன்றைக் கண்டு.

காக்கி உடுத்துமுன் இன்னொரு சோதனை உண்டு. ஊருக்குள் ஆளனுப்பி, இவள் எப்படிப்பட்டவள், வழக்கு உண்டா, வம்பு உண்டா என்று விசாரிப்பார்கள். பரீட்சைக்குப் படித்துவிடலாம். ஊர் என்ன சொல்லும் என்பதற்கு யாரால் படிக்க முடியும்?

இந்துவின் மேல் வழக்கு உண்டு. ஏன் தலையைக் குனிகிறீர்கள்? மூணாறு ரோடு குண்டும் குழியுமாய்க் கிடந்த அந்த மழைக்காலத்தில், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் என் ஜீப்பிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனதே, மறந்தீர்களா? மறுநாள் மறியல். முதலில் உட்கார்ந்தவள் இந்து. வழக்கில் முதல் பெயராய் ஏறியவளும் இந்து. அந்த வழக்கை அவள் ஒளிக்கவில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அது நமக்கு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் என் ஜீப்பில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாய் ஒருவர் வந்திறங்கினார். "இந்துன்னு ஒரு குட்டி, ஆளு எப்படியாணு?" என்று மலையாளம் கலந்து கடைக்குக் கடை கேட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் கல்யாண வயதுப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் நம் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடை அக்கா, சிரிக்காதீர்கள், முதலில் சொன்னதே நீங்கள்தான். மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தோம்! நானும்தான் நினைத்தேன்.

அவ்வளவுதான். டீ வந்தது, வடை வந்தது, கேரட்டில் ஒரு கட்டும் வந்தது. மொக்கையன் மாமா சொன்னார்: "தங்கமான புள்ள சார். போலீஸ் ஸ்டேஷன் எந்தத் திக்குன்னே அதுக்குத் தெரியாது." பக்கத்துக் கடைக்காரர் ஒருபடி மேலே போனார்: "மறியலா? அன்னைக்கு அந்தப் பொண்ணு ஊர்லயே இல்ல."

கேட்கக் கேட்க வந்தவரின் முகம் கறுத்தது. வழக்கு உண்டென்று அவருக்குத் தெரியும். ஊரே சேர்ந்து இப்படி மூடி மறைத்தால், மறியலில் இதைவிடப் பெரிதாய் என்னவோ செய்திருக்கிறாள் என்றல்லவா தோன்றும்? நம் அன்பே அந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது, தோழர்களே!

கடைசியாய் அழகுத்தாய் வீட்டு வாசல். வழிகாட்டியாய் நானும் கூட நின்றேன். தன் மகனுக்கு இந்துவைப் பெண் கேட்டவர் அழகுத்தாய் அக்கா. மாட்டேன் என்றவள் இந்து. அன்றோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. தன் மகனை வேண்டாமென்றவளுக்கு வேறு சம்பந்தம் வந்து நிற்கிறது என்றால், எந்தத் தாய்தான் நாலு வார்த்தை நல்லதாய்ச் சொல்வாள்?

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஊர்க்காரங்க சொன்னது அத்தனையும் பொய்யி. கேசு இருக்கு. ரோட்டுல மொதல்ல உக்காந்ததே அவதான். எதுக்கு? ஜீப்புல பெத்தது என் மக! எனக்கே பயமா இருந்துச்சு, அவ உக்காந்தா. கல்லெடுத்த பயலுக கையப் புடிச்சதும் அவதான். எனக்கும் அவளுக்கும் பேச்சில்ல. கோவம் அப்படியே இருக்கு. ஆனா மறைச்சுக் கட்டிக்குடுத்தா நாளைக்கு அவளத்தான குத்திக்காட்டுவீக? இஷ்டமிருந்தா முடிங்க, இல்லாட்டி எறங்கிப் போங்க!"

வந்தவர் கைகூப்பினார். "அம்மே, ஞான் போலீசாணு."

அக்கா அசையவில்லை. "அப்பச் சரி. நல்லா எழுதிக்கிடுங்க."

திரும்பும் வழியில் அவர் என்னிடம் சொன்னார்: "கேசு சின்னதாணு. மறைச்சிருந்தா வேலை போயிருக்கும். அவ எழுதினதும் அந்த அம்மா சொன்னதும் ஒண்ணு." ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். பேசாத இரண்டு வீடுகள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே உண்மையைச் சொல்லியிருக்கின்றன! இதைவிடப் பெரிய அதிசயம் இந்த மலையில் உண்டா? மனிதரின் மனம் இவ்வளவு உயரம் ஏறுமா? ஏறியதே! என் கண்ணெதிரே ஏறியதே!

ஏனம்மா நீயாகவே எழுதினாய் என்று இந்துவைக் கேட்டேன். "நாளைக்கு நான் ஒருத்தர உண்மையச் சொல்லுன்னு கேக்கணும்ல மாமா" என்றாள்.

இந்து! நீயும் ஒருநாள் முன்பின் தெரியாத ஊரில் இப்படி விசாரிக்கப் போவாய். எல்லாரும் நல்லவன் என்பார்கள். அதோடு திரும்பிவிடாதே. அவனோடு பேச்சில்லாத வீடு எது என்று கேட்டு, அந்த வாசலிலும் போய் நில்.

இந்தச் சால்வையை உனக்கு நான் போர்த்தப் போவதில்லை. அழகுத்தாய் அக்கா, மேலே வாருங்கள்! என்ன சொல்கிறார்? கோபம் இன்னும் போகவில்லையா? போக வேண்டாம் அக்கா, கோபத்தோடேயே வாருங்கள்.

பொறுமையாய்க் கேட்ட ஊருக்கு நன்றி, வணக்கம். வழி விடுங்கள், அக்கா எழுந்துவிட்டார்.