உருளைக்கிழங்கு சாலட்டுக்கு ஏழு தண்ணீர்

உருளைக்கிழங்கைத் தோலோடுதான் வேகவைக்க வேண்டும். உரித்துவிட்டு வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துக் குழைந்துவிடும், வில்லை நிற்காது. வெந்ததும் சூடு ஆறுவதற்குள் உரித்து நறுக்கி, கடுகு அரைத்துக் கலந்த புளித்தண்ணீரை அந்தச் சூட்டிலேயே ஊற்றிவிட வேண்டும். ஆறின கிழங்கில் எதை ஊற்றினாலும் மேலோடு வழிந்து போகும். இதெல்லாம் என் மகள் இளவரசி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். நடந்தது இந்த சாலட்டில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் நீலாவதி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு வருடமாகச் சத்துணவு சமைக்கிறேன். எண்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். என் சாப்பாட்டால் ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை. அளவில் நான் கெட்டி. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் அளவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் வெற்றிவேல், இளவரசிக்கு ஐந்து வயதாகும்போது, மரம் வெட்டும் வேலை என்று கூப்பிட்ட ஒரு வேனில் ஏறிப் போனார். ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்றார். வரவில்லை. எங்கே போனார், என்ன ஆனார் என்று இன்றுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான்.

இளவரசி வேலூரில் நர்சிங் படித்தாள். அங்கேயே ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்தாள். அந்த நாட்டில் முதியோர் இல்லங்களுக்கு நர்சுகள் வேண்டுமாம். வகுப்பு நடத்துகிற அம்மா, அங்கே இருக்கிற வயசாளிகளின் மனசைப் பிடிக்க வேண்டுமென்றால் உருளைக்கிழங்கு சாலட் செய்யப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவள் லீவில் வந்த அன்றே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க ஒவ்வொரு வூட்லயும் ஒரு மாதிரி செய்வாங்களாம்மா. யாரு செஞ்சி குடுத்தாலும், எங்கம்மா செஞ்ச மாதிரி இல்லன்னுதான் சொல்லுவாங்களாம்" என்று சிரித்தாள்.

முதலில் பாட்டிலில் வருகிற மயோனைஸைப் போட்டுச் செய்தாள். முட்டை வாடை எனக்கு ஆகவில்லை. அடுத்த தடவை தயிர் ஊற்றினாள், நீர்த்துப்போனது. வினிகருக்குப் பதிலாக எங்கள் மரத்துப் புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னது நான். அவர்கள் ஊர்க் கடுகுக்குப் பதிலாக நம் கடுகை ஊறவைத்து அரைத்தோம். சின்ன வெங்காயம், மிளகு, கொத்தமல்லி. கடைசியில் ஒருநாள் பாதி உருளையை எடுத்துவிட்டு, பாதிக்குக் காட்டு வள்ளிக்கிழங்கைப் போட்டுக் கிளறினாள். வள்ளி வில்லை வில்லையாக உடையாமல் நின்றது. "ஜவ்வாது ஸ்பெஷல்" என்று பெயர் வைத்து, சந்தவாசலில் இருக்கும் அவள் சிநேகிதி வெண்ணிலாவுக்குப் போட்டோ அனுப்பினாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதைச் செய்யப் பழகப் பழக அவள் என்னைவிட்டுப் போகப் போகிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் காட்டில் வள்ளி இரண்டு வகை. ஒன்றைச் சுட்டும் தின்னலாம், அவித்தும் தின்னலாம். இன்னொன்று கசப்பு வள்ளி. ருசி அதில்தான், ஆனால் அதில் நஞ்சு உண்டு. நறுக்கி அவித்து ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, இப்படி ஏழு தண்ணீர் மாற்றினால்தான் வாயில் வைக்கலாம். ஏழும் முடிய ஒன்றரை நாள் ஆகும். நடுவில் காட்டுக்குப் போக வேண்டும், மாடு பார்க்க வேண்டும், ஒரே ஆள் கூடவே நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு தண்ணீர் கொட்டும்போதும் பானைக்குப் பக்கத்துக் கல்லில் ஒரு புளியங்கொட்டை வைப்போம். அடுத்து வருகிறவர்கள் கொட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு மிச்சத்தை மாற்றுவார்கள். ஏழு இருந்தால் எடுத்துச் சாப்பிடலாம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

முதல் தடவை நடந்தது தவறுதான். இதை நீங்கள் நம்ப வேண்டும். புரட்டாசியில், சென்னையில் அவளுக்கு மொழிப் பரீட்சை. கசப்பு வள்ளியைப் போட்டுச் செய்து பார்க்க வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டாள். நான் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு தண்ணீருக்கு நான் கொட்டை வைத்துவிட்டது தெரியாமல் அவளும் வைத்திருக்கிறாள். கல்லில் ஏழு கொட்டை, கிழங்குக்கு ஐந்து தண்ணீர். கடுகும் புளியும் கசப்பை மூடிவிட்டன. அவள் சாப்பிட்டாள். எனக்கு மூட்டு வலி, புளி சேர்ப்பதில்லை. சாமைச்சோறு சாப்பிட்டேன்.

இரண்டு நாள் வாந்தி, தலைச்சுற்றல், நாக்கு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பரீட்சை போய்விட்டது. "நான்தாம்மா கொட்டைய ரெண்டு தபா வெச்சிட்டேன்" என்று அவளே பழியை ஏற்றுக்கொண்டாள். ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினேன். வேலூருக்குப் படிக்கப் போன நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் படுத்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை தவறு இல்லை. பரீட்சையை அவள் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். தை மாதம் விசாவுக்காக ஓர் ஆபீசில் நேரில் வரச் சொன்னார்கள். முந்தின நாள் நான் ஐந்து தண்ணீர் மாற்றினேன், ஏழு கொட்டை வைத்தேன். பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் அக்கா நேற்று ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதபோது, கொட்டையில் பொய் வைத்தவர்கள் இந்த மலையிலேயே கிடையாது என்று சொன்னார். உண்மைதான். ஆறாவது கொட்டையை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஏழாவதைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுபடியும் இரண்டு நாள். மறுபடியும் மடி. இந்தத் தடவை அவள் கொட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து வேறு தேதி வாங்கி, போய்விட்டு வந்தாள். விசா கிடைத்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு நாள் வாந்தி இவளை நிறுத்தாது. விமானம் மாசி மூன்றாம் தேதி, பிப்ரவரி பதினைந்து என்றாள். நான் கணக்குப் போட்டேன். இரண்டு தண்ணீர் குறைந்தால் இரண்டு நாள் படுக்கிறாள். நான்கு குறைத்தால் ஒரு வாரமாவது படுப்பாள். விமானம் போய்விடும். மறுபடி டிக்கெட் போட அந்த இல்லத்துக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இவள் திருவண்ணாமலையில் ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவாள். எண்பது பேருக்குப் பருப்பு அளப்பது மாதிரிதான் யோசித்தேன். அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

பதினான்காம் தேதி மதியம். வாசலில் அவளுடைய பெரிய பெட்டி கட்டி வைத்திருந்தது. நான் உருளையைத் தோலோடு வேகவைத்தேன். அவள் பானைப் பக்கம் வந்து நின்றாள்.

"எத்தினி தண்ணிம்மா ஊத்துன?"

"எண்ணிப் பாரு, கண்ணு."

குனிந்து ஒவ்வொரு கொட்டையாக விரலால் தொட்டு எண்ணினாள். "ஏழு இருக்குது" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரிம்மா, போடு."

சாப்பிட்டாள். எப்போதும் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவள், "இன்னும் கொஞ்சம் வைம்மா, அங்க போனா இது கெடைக்குமா" என்று தட்டை நீட்டினாள். வைத்தேன். வாங்கித் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, எதுவும் வருவதற்கு முன்பே வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். அது எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை. தலையைக் கோதிவிட்டேன்.

மூன்று மணிக்கு வாந்தி. நான்கு மணிக்கு வாயில் பேச்சு இல்லை. ஐந்து மணிக்குக் கை கால் வெட்டி இழுத்தது. மாணிக்கம்மாள் அக்காதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். நான் ஏழு தண்ணீர் என்றுதான் அதில் வந்த பையனிடமும் சொன்னேன். போளூர் இறங்குகிற வளைவுகளில் அவள் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசி வளைவு தாண்டியபோது வரவில்லை. என் பிள்ளை, மேடம். என் ஒரே பிள்ளை. அவள் தலை அப்போதும் என் மடியில்தான் இருந்தது.

எண்ணிக்கை தவறிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடு என்கிறார் மாணிக்கம்மாள் அக்கா. ஊரே அதைத்தான் சொல்லும், அக்கம்பக்கம் கையெழுத்தும் போடும். எனக்கு எண்ணிக்கை தவறாது. மூன்று தண்ணீர் மாற்றினேன், ஏழு கொட்டை வைத்தேன். அதை என் கையாலேயே எழுதுகிறேன்.

இன்று காலையில் நீங்கள் அவள் டிக்கெட்டைக் காட்டினீர்கள். தேதி பிப்ரவரி பதினெட்டு என்று இருந்தது. எனக்கு விளங்கவில்லை. பிறகு வெண்ணிலாவின் போனிலிருந்து இளவரசியின் குரலைப் போட்டுக் காட்டினீர்கள். பதின்மூன்றாம் தேதி பேசியது.

"எங்கம்மா மறுபடியும் கெழங்கு கழுவுது, வெண்ணிலா. எனக்குத் தெரியும்டி, போன தபாவே தெரியும். இன்னா பண்ணச் சொல்ற? அதுகிட்ட கேட்டா செத்துடும். அதான் பதினஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு நாளு வாந்தி, ஒரு நாளு ரெஸ்ட். அது மடியில படுத்துக்கறேன், அதுக்கும் மனசு ஆறிடும். அப்பறம் சிரிச்சிக்கினே அனுப்பி வெக்கும் பாரு."

மூன்று நாளை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். கொட்டையைத் தொட்டு எண்ணியதும், தட்டை நீட்டியதும், வந்து படுத்ததும் அதற்குத்தான். நான் அழுதேன், நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் தண்ணீர் கொடுத்தார். என்னைவிடப் பெரிய மனசு என் வயிற்றில் பிறந்திருக்கிறது என்று நினைத்து நினைத்து நெஞ்சு வெடிக்கிறது.

அப்போது நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். விமானம் பதினெட்டாம் தேதிதான் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா என்று. உண்மையை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை வாங்கினேன், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

தெரிந்திருந்தால், மேடம், கிழங்கைப் பதினேழாம் தேதிக்குத் தயார் செய்திருப்பேன்.