தொள்ளாயிரம் டாலர் தோலுறை

தோலுறைக்கு எண்ணெய் அதிகம் தடவக் கூடாது. தோல் தொளதொளத்துத் துப்பாக்கி நழுவிவிடும். பலர் இதில்தான் தப்புப் பண்ணுகிறார்கள், சார்.

நாற்பது டாலர் பெறாத உறையை இணைய ஏலத்தில் தொள்ளாயிரத்துக்கு ஏன் போட்டாய் என்று கேட்டீர்கள். கோர்ட் தடை, பழைய கேஸ் என்று துப்பாக்கிக் கடைக்குள் கால் வைக்க முடியாதவர்கள் மொன்டானாவில் நிறைய இருக்கிறார்கள். விலையைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும். உறை காலியாகப் போகாது. யாருக்கு, எதற்கு என்று நான் கேட்டதில்லை. வாங்குபவரைக் குடைவது எனக்குப் பிடிக்காது.

மார்லிஸைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவி போன பிறகு, தானியக் கிடங்கை ஒட்டிய உணவகத்தில் பரிமாறும் அவள்தான் என்னிடம் பேசிய ஒரே ஆள்.

"என்ன ஆர்வில், இன்னிக்கும் அதே உர்ருனு மூஞ்சியா? ஆப்பிள் பை வேணுமா, இல்ல என்னைப் பாத்தாலே வயிறு நிறைஞ்சுடுமா?" என்பாள். நான் ஆப்பிள் பையும் வாங்கிக்கொள்வேன்.

புருஷன் ரான்டி அவள் கையை ஒடித்தபோது, அவள் வீட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டியது நான். துணைக்கு ஒரு வாரம் அவள் சோபாவில் படுத்தேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் பக்கம் ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். எல்லோரும் முதலில் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள். "எதுனாலும் எனக்கு முதல்ல போன் பண்ணு" என்றேன். சரியென்றாள்.

பிறகு கோர்ட் ரான்டியின் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டது.

"இனி பயமில்ல ஆர்வில். நீ வீட்டுக்குப் போய் ஒழுங்கா கட்டில்ல படு" என்று கன்னத்தில் முத்தமிட்டு அனுப்பினாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டில் ரேடியோ மட்டும் பேசியது. எனக்குத் தாங்கவில்லை.

மார்ச்சில் உறையை ஏலத்தில் எடுத்தவரின் முகவரி வந்தது. ரான்டியின் முகவரி. ஏலத்தை ரத்து செய்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அவன் வாய் சும்மா இருக்காது, ஊரெல்லாம் பீற்றுவான், அவள் காதுக்கும் போகும் என்று தோன்றியது. அவள் பயந்தால் என்னைக் கூப்பிடுவாள். சோபாவுக்கு ஒரு நல்ல கம்பளிகூட வாங்கி வைத்தேன். பெட்டியை அனுப்பினேன்.

அவன் ஐந்து நட்சத்திரம் போட்டு, "சொன்னபடியே இருக்கு, நல்லா வேலை செய்யுது" என்று எழுதினான். நீங்கள் என்னைப் பிடித்தது அதை வைத்துத்தானே. முட்டாள்.

அவள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தால் காத்திருந்தது தெரிந்துவிடும்; அதனால் கொஞ்சம் அடிக்க விட்டேன்.

"ஆர்வில், அவன் வாசல்ல நிக்கிறான். கையில துப்பாக்கி. சீக்கிரம் வா."

"இதோ வர்றேன், பயப்படாத" என்றேன். முகம் மழித்தேன். எனக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று அவள் ஒருமுறை சொன்ன நீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நான் மாட்டிய பூட்டு அப்படியே இருந்தது, சார். அவன் ஜன்னல் வழியாக அவளைச் சுட்டிருந்தான்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவள் உங்களைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.