கடைசிக் குழுவுக்கு ஒன்பது

காதுக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள். நேற்று என்னை விசாரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இரண்டு முறை வண்டிச் சாவியால் வலது காதைக் குடைந்தீர்கள். அழுக்கு வெளியே வராது, இன்னும் உள்ளேதான் போகும். சும்மா விட்டாலே அது தானாக வெளியே வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகக் காது பரிசோதிக்கும் வேலை பார்ப்பவன் சொல்கிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னதை நீங்கள் திமிர் என்று நினைத்தீர்கள், முகத்திலேயே தெரிந்தது. திமிர் இல்லை. நான் செய்த எதையும் மறைத்துச் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. கோடையில் மூன்று நாள் அங்கே ராக் இசை விழா நடக்கும். எந்தெந்தக் குழு வாசிக்கப்போகிறது என்ற பட்டியலைச் சுவரொட்டியாக நான்கு மாதம் முன்பே வெளியிடுவார்கள். அது வந்த வாரமே நாங்கள் ஐந்து பேரும் டயர் கடை மாடியில் உள்ள அறையில் கூடுவோம். கணக்கு வாத்தியார், அச்சகக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், நான், என் தங்கையின் கணவர். அவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். சுவரொட்டியைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு குழுவும் சமீபத்தில் மேடையில் வாசித்த பதிவுகளைப் போட்டுக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று சிவப்புப் பேனாவால் எழுதுவோம். கடைசிக் குழு ஆறு வாங்கினால் விழாவுக்குப் போவோம். வாங்காவிட்டால் அந்தக் கோடை வீட்டோடு சரி.

ஐந்து பெரிய மனிதர்கள் பாட்டுக்கு மதிப்பெண் போடுவதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அறையில் நட்பெல்லாம் படிக்கட்டோடு நின்றுவிடும். ஒரு வருடம் சனிக்கிழமைப் பட்டியலை வாத்தியார் "குப்பை" என்றார். அச்சகக்காரர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். இன்னொரு வருடம் டிரைவரும் வாத்தியாரும் ஏழு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள், அதுவும் ஒரு டிரம்மருக்காக. நான் மட்டும் குரலை உயர்த்தியதில்லை. தயார் செய்துகொண்டு போவேன். எந்தக் குழு எந்த வருடம் எந்தக் கிட்டார்காரரை மாற்றியது என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருக்கும். அரை மணி நேரம் பேசுவேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்பார்கள்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓடும் இன்ஜின் மேல் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்து, எந்த பாகம் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஒரு குழுவின் வரலாறு எதுவும் தெரியாது, பாடகர் பெயர்கூடச் சில சமயம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "டிரம்ஸ் பின்னாடி இழுக்குது" என்று மூன்றே வார்த்தை சொல்வார். உடனே எல்லோரும் தங்கள் எண்ணை அடித்து, அவர் சொன்னதை எழுதுவார்கள். இது ஆறு வருடம் நடந்தது. நான் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த சுவரொட்டியில், ஞாயிற்றுக்கிழமை கடைசியாக மேடையேறும் குழுவின் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் உயிரை விட்டுக் கேட்டுவந்த குழு அது. அவர்கள் நம் பக்கம் வந்ததே இல்லை. அன்று நான் ஐம்பது நிமிடம் பேசினேன். ஒன்பது என்றேன். வாத்தியாரே ஒன்பது எழுதினார். மாப்பிள்ளை, அதற்கு முந்தின இரண்டு மாதங்களில் அவர்கள் செய்த இரண்டு கச்சேரிகளின் பதிவையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னார்.

"பாடறது அந்த ஆளு இல்ல மச்சான். டேப் ஓடுது. மூச்சு இழுக்கற சத்தத்தக் கேளுங்க. ரெண்டு கச்சேரிலயும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி வருது."

மறுபடி போட்டார்கள். வாத்தியாருக்குக் கேட்டது. அச்சகக்காரருக்கும் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையாட்டினேன். வாத்தியார் ஒன்பதை அடித்து மூன்று எழுதினார்.

"வாய அசைக்கறதுக்கு மூணே ஜாஸ்தி," என்றார்.

"ஊருக்கெல்லாம் காது பாக்கறவரு. இவரு காத யாரு பாக்கறது?" என்றார் டிரைவர்.

சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கப்பா, அவருக்குப் பிடிச்ச குழு," என்று எனக்காகப் பரிந்து பேசினார். அவர் சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குச் சீக்கிரமே போய், என் காதை நானே சோதித்துக்கொண்டேன். வரைபடம் நேர்கோடாக வந்தது. இருபது வயதுப் பையனுக்குக்கூட அப்படி வராது. நிதானமாக யோசித்தேன். குறையே இல்லாத காதுக்குக் கேட்காத ஒன்று இன்னொரு காதுக்குக் கேட்கிறது என்றால், அந்தக் காது இயல்பாக இல்லை என்றுதான் அர்த்தம். இயல்பாக இல்லாததைச் சரிசெய்வது என் தொழில்.

சந்தேகத்தை விதைக்க ஆறு வாரம் பிடித்தது. தங்கை வீட்டில் அவர் பின்னால் நின்றுகொண்டு, கூப்பிடாமலே, "என்ன மாப்பிள்ளை, மூணு தடவ கூப்பிட்டாச்சு," என்பேன். சாப்பிடும்போது வாயை மட்டும் அசைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன். முதலில் சிரித்தார். பிறகு என் உதடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் அவராகவே, "டிப்போல கம்ப்ரஸர் சத்தத்துலயே கெடக்கறேன் மச்சான், ஒருவாட்டி பாத்துடுங்களேன்," என்றார். நான் வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் புகாத சிறிய அறைக்குள் உட்கார்த்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்போம். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பத்தில் எட்டு முறை நான் எந்த ஒலியும் அனுப்பவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் வியர்த்தது. ஒரு கட்டத்தில் ஒன்றுமே வராதபோது பொத்தானை அழுத்திவிட்டு, சரியா என்பது போல என்னைப் பார்த்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

வரைபடத்தைக் காட்டினேன். இரண்டு காதிலும் பாதி போய்விட்டது என்றேன். டிப்போவில் இரண்டு மாதம் முன்புதான் பரிசோதித்து நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றார். "அங்கெல்லாம் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க," என்றேன். நம்பிவிட்டார். பெண் கொடுத்த வீட்டு ஆள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

இரண்டு காதுக்கும் கருவி மாட்டினேன். எந்தச் சத்தமும் இந்த அளவைத் தாண்டிக் காதுக்குள் போகாதபடி அதில் ஒரு வரம்பு இருக்கும். அதை எடுத்துவிட்டேன். சத்தத்தை ஒரேயடியாக ஏற்றவில்லை, மாதம் ஒரு படி. வலிக்கிறது என்றார். முதலில் எல்லோருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்றேன். மற்றவர்களிடமும் நாங்கள் அதையேதான் சொல்வோம். காதுக்குள் விசில் அடிக்கிறது என்றார். நரம்பு விழித்துக்கொள்வதற்கு அடையாளம் என்றேன். டிப்போவில் மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அங்கே சுத்தியல் சத்தமும் கம்ப்ரஸரும் எட்டு மணி நேரம்.

பதினைந்தாம் மாதம் சோதித்தபோது, வரைபடத்தில் நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் நான் எழுதியதைவிட மோசமாகவே இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இல்லாததை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு இன்ஜின் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து, உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் மகளுக்கு ஐந்து வயது. அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் தரையில் காலால் இரண்டு முறை தட்டுவாள். அதிர்வு தெரிந்து அவர் திரும்புவார். அதன் பிறகுதான் பேசுவாள். ஒருநாள் என்னிடமும் அப்படித் தட்டிவிட்டு, "மாமா," என்றாள். குழந்தைகள் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.

இந்த வருடச் சுவரொட்டியில் அதே குழு மறுபடி ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வந்தது. டயர் கடை மாடியில் கூடினோம். பழக்க தோஷத்தில் வாத்தியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அவருக்குக் கேள்வியே கேட்கவில்லை. பிறகு புரிந்துகொண்டு, "மச்சான் சொல்லட்டும், அவருக்குத்தான் எல்லாம் தெரியும்," என்றார். நான் ஒன்பது என்றேன். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். இத்தனை வருடத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போனோம். தங்கையும் வந்திருந்தாள். வெயில் சாயும் நேரத்தில் அந்தக் குழு மேடையேறியது. முன் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றார். தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும், "எப்படி?" என்று கையால் கேட்டேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு மச்சான். ஒம்பது குடுக்கலாம்."

கத்திச் சொன்னார். இப்போதெல்லாம் அவருக்கு எவ்வளவு கத்துகிறோம் என்று தெரிவதில்லை. வாத்தியார், அச்சகக்காரர், டிரைவர் மூவரும் கேட்டார்கள். நான் அழுதேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் தங்கை என்னிடம் சொல்லாமல் அவரை வேறொரு ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அங்கே காது பரிசோதிக்கும் பெண் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்திருக்கிறாள். எந்தத் தேதியில், எந்தப் படி, யார் கை வைத்தது என்று எல்லாம் அதிலேயே இருந்தது. டிப்போவிலிருந்து பழைய பரிசோதனைக் காகிதத்தையும் வாங்கியிருக்கிறார்கள். நான் அவர் காதைச் சோதிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு எடுத்தது. ஒரு குறையும் இல்லாத காது. என் வரைபடத்தைவிட நன்றாக இருந்ததாம். அதை நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்க அனுமதித்தால் நல்லது.

நீங்கள் என்னை அழைத்துவர வந்த அன்று காலையில் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு அவரு காதுல மெஷினே இல்ல. வலி தாங்காம கழட்டி சட்டைப் பையில போட்டிருந்தாரு. ஒரு சத்தம் கேக்கல அவருக்கு. உன் மூஞ்சியப் பாத்துட்டு சொன்னாரு. இத்தன வருஷமா மச்சான் ஆசப்பட்டது, அவரு சந்தோஷமா இருக்கட்டும்னு சொன்னாரு."

அவள் கோபத்தில் இருந்தாள். கோபத்தில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், இசையைப் பற்றி அவளுக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது. முன் வரிசையில் எந்த அளவுக்குச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவருக்கு ஏதோ கொஞ்சம் கேட்டிருக்கும். அவரைப் போன்றவருக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

பொய் வரைபடம் எழுதியது நான். கருவியின் வரம்பை எடுத்தது நான். மாதம் ஒரு படி ஏற்றி, நன்றாக இருந்த ஒரு மனிதனின் இரண்டு காதையும் தெரிந்தே கெடுத்தது நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது அவராகக் கொடுத்தது. அதில் நான் கை வைக்கவில்லை. இதையும் உங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.