கிளட்ச் மேலிருந்த கால்

ஜீப்பைத் துடைக்காமல் நான் ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய ஃபோர் வீல் வண்டி. முப்பத்தோரு வருஷமாகக் குற்றாலத்துக்கு மேலே தோட்டங்களுக்கு ஆள் ஏற்றியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. இந்தத் தாணுமாலயன் எப்படி ஓட்டுவான் என்று இலஞ்சியில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்தச் சாரல் தொடங்கியதுமே கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கீழே இருக்கிற கிளட்ச் சிலிண்டரில் கசிவு. தென்காசியில் ஷெட் வைத்திருந்த பெலிக்ஸ்தான் புதுசு மாற்றினான். பதினோரு நாளில் மறுபடி கசிந்தது. இன்னொன்று மாற்றினான். அதுவும் போயிற்று. வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் சீசன். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, ஊரெல்லாம் கூட்டம், என் வண்டி மட்டும் அவன் ஷெட்டில் நிற்கிறது. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை போனபோது, பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் நிற்க, சிரித்துக்கொண்டே சொன்னான்: "சிலிண்டர்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்க காலுதான் சரியில்ல. எந்நேரமும் கிளட்ச் மேலயே வச்சிருக்கிய. எத்தன மாத்துனாலும் நிக்காது."

"ஏலே, அப்பம் அண்ணாச்சிக்குக் காலயே மாத்திரு," என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலைப்பாதையில் கால் கிளட்ச் மேல்தான் இருக்கவேண்டும். அதுகூடத் தெரியாதவன் ஒரு மெக்கானிக்.

அன்று மதியமே புதுசைப் பூட்டிவிட்டு, ஏர் எடுக்க, அதாவது கிளட்ச் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, வண்டிக்கு அடியில் படுத்தான். பின்சக்கரத்துக்கு முன்னால் அவன் நெஞ்சு இருந்தது. "அமுக்குங்க, பிடிங்க, விடுங்க" என்று அவன் சொல்லச் சொல்ல மிதித்தேன். பிறகு, "ஸ்டார்ட் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு அமுக்கிப் பிடிங்க அண்ணாச்சி. கசியுதான்னு பாத்துருதேன்," என்றான். அப்படிச் சோதிப்பது அவன் வழக்கம். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தான். தப்பித்தவறிக் கால் எடுபட்டாலும் வண்டி கல்லில் முட்டி அணைந்துவிடும் என்று நம்பினான்.

அடியிலிருந்து, "கால் உறுதியா இருக்குல்லா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தான்.

கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி லீவரை ஃபோர் வீல் லோவில் தள்ளினேன். அதில் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், வண்டி லேசில் அணையாது, ஆக்சிலேட்டரைத் தொடாமலே கல்மேல் நிதானமாக ஏறும். நீங்கள் வருமுன் லீவரைப் பழைய இடத்தில் வைத்ததும் நான்தான்.

கால் வழுக்கிவிட்டது என்றேன். நம்பினீர்கள். ஊரும் நம்பியது. அடக்கத்துக்குப் போனேன். பெலிக்ஸ் மனைவி பெர்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் வழுக்குனதுக்கு நீங்க என்ன செய்விய அண்ணாச்சி," என்று அழுதாள். பின்னால் டீக்கடை ஆள் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "பெலிக்ஸ் அன்னைக்கே சொன்னாம்லா, அவரு காலு சரியில்லன்னு."

பதினாறு நாள் பொறுத்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை, நானே நடந்து வந்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வழுக்கவில்லை. அவன் கேட்டபடி உறுதியாகத்தான் இருந்தது. நான் எடுக்க நினைத்த நொடியில் எடுத்தேன். என் காலில் ஒரு குறையும் இல்லை.