வெள்ளை இயர்போனில் கேட்டது

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் நீல யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். ஜன்னலோரப் பெண் தன் கறுப்பு இயர்போனைக் கழற்றிவிட்டுத் தோழியின் வெள்ளை இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

"கறுப்புல நல்ல மனுசன் மாதிரி இருக்காரு. வெள்ளையில நம்ம சூப்பர்வைசர் மாதிரில்லா இருக்காரு."

"யாருடி?"

"எனக்குப் பாத்திருக்க மாப்பிள்ளைதான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காரு. எங்கம்மா இன்னைக்குப் பதில் கேக்கா."

"உன் கறுப்புல வெறும் பேஸ் சவுண்டுதான். அதுல யார் பேசினாலும் கம்பீரமாத்தான் கீது. என்னுதுல கிளியரா கேக்கும். இன்னா சொல்றாருன்னு நல்லா கேளு."

"பேச்செல்லாம் சரிதான். பின்னால கரகரன்னு ஒரு சத்தம் வருது. கறுப்புல அது இல்லவே இல்ல. உன் இயர்போன் போச்சுட்டி."

தோழி ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். பிள்ளைப்பாக்கம் தாண்டும்வரை இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கேட்டார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"ஐய, இது பாத்திரம் தேய்க்கிற சத்தம்டி. தண்ணி ஊத்துறது கூட கேக்குது பாரு."

"அவங்க அம்மாவா இருக்கும்."

"திரும்பப் போடு. அவரு பேசும்போது சத்தம் நிக்குது. பேச்சு நின்னா மறுபடி வருது. அவருதாண்டி தேச்சிகினு கீறாரு."

ஜன்னலோரப் பெண் இன்னொரு முறை கேட்டாள். பிறகு தோழியின் காதிலிருந்ததையும் வாங்கி மாட்டிக்கொண்டு போன் போட்டாள்.

"எம்மா, சரின்னு சொல்லிரு. குரல் எப்படி இருந்தா என்ன?"