பூசை எடுக்காத ஸ்பானர்

உச்சிப் பொழுது. கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி வேலந்தாவளம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் பனைமரம்... ஆள் இல்லை, ஆடு இல்லை, காற்றுகூட இல்லை.

என்ன அங்கே சிரிப்பு? பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா? ராத்திரி வருவதற்குப் பயந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். பட்டப்பகலில் வருகிறதே, அதற்கு எந்தக் கதவைச் சாத்துவீர்கள்? அந்த லாந்தரைத் தணித்து வையுங்கள். பயமாக இருக்கிறவன் நடுவில் வந்து உட்காரட்டும். குறுக்கே பேசுகிறவன் எழுந்துபோய்த் தனியாகப் படுக்கட்டும்.

இது என் கூட்டாளியின் தாய்மாமன் அப்புசாமிக்கு நடந்தது. நல்லேப்பிள்ளியில் குப்பண்ணன் என்ற பண்ணாடியிடம், அதாவது பண்ணையாரிடம், மோட்டார் ஓட்டினவர். வயலும் தோப்புமாக ஊரில் பாதி குப்பண்ணனுடையது. மீதிப் பாதி தன்னுடையது இல்லையே என்று அந்த மனுஷனுக்கு விடிந்தது முதல் எரிச்சல். வாயைத் திறந்தால் வசவுதான். பெற்ற தாயைக்கூட ‘ஏ கெழவி’ என்றுதான் கூப்பிடுவாராம். நல்ல சாவு வருமா அப்படிப்பட்டவனுக்கு?

மோட்டார் கோயமுத்தூர்க் கம்பெனியில் வாங்கியது. விற்கும்போதே சொல்லி அனுப்பினார்கள்: வண்டியில் எங்கள் கையைத் தவிர வேறு கை படக்கூடாது, பட்டால் நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் கோயமுத்தூர் என்ன அடுத்த தெருவா? போக வர ஒரு பகல் போய்விடும். அதனால் சின்னச் சின்னக் கோளாறுக்கு உள்ளூர்ப் பட்டறைதான். ஊர் எல்லையில், ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. பெரியமுத்து, சங்கையா என்று அண்ணனும் தம்பியும். மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் லாரி பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்து கொட்டகை போட்டவர்கள். குப்பண்ணன் அவர்களிடம் வேலையும் வாங்குவார், “மலையிலிருந்து எறங்குன பசங்களுக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும், கம்பெனின்னா கம்பெனிதான்” என்று அவர்கள் முகத்துக்கு நேரே காறித் துப்பவும் செய்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. பாலக்காட்டு ரயிலடியில் குப்பண்ணனின் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கப்போகிறார்கள். மோட்டாரில்தான் அழைத்து வரவேண்டும், ஊர் பார்க்கவேண்டும். அன்றைக்கென்று பின் சக்கரம் ஆட ஆரம்பித்தது. வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டச் சொன்னார்.

உள்ளே வாழையிலை போட்டு, ஆயுதமெல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், பொரி. பக்கத்தில் விளக்கு. பூசை வைத்தாகிவிட்டது. நம் பக்கத்து வழக்கம் தெரியும் அல்லவா? வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை எடுத்த பிறகுதான் தொடலாம். வைத்தது ஒன்றுவிடாமல் இலையில் இருக்கவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எடுப்பு கிடையாது.

பெரியமுத்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். “பூசை வச்சாச்சு மொதலாளி. நாளைக்கு வெள்ளென எடுத்ததும் மொத வேல ஒங்க வண்டிதான். இன்னைக்குத் தொட்டா சாமி குத்தம் ஆயிரும்யா.”

குப்பண்ணன் செருப்புக் காலோடு உள்ளே போனார். இலையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்தார். பெரியமுத்துவின் நெஞ்சைப் பார்த்து வீசினார். “சாமி நாளைக்கும் இங்கயேதான் இருக்கும். எம்பட சம்பந்தி இன்னைக்கே வர்றாரு. படுடா கீழ! இல்லீனா கொட்டாயப் பிரிச்சு எறிஞ்சுபோடுவேன்.”

கொட்டகை நின்ற நிலம் குப்பண்ணனுடையது. பெரியமுத்து என்ன செய்வான்? ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான். அந்தச் சந்தன ஸ்பானரோடு கீழே போய்ப் படுத்தான். கொஞ்ச நேரம் நட்டு முறுக்குகிற சத்தம்... பிறகு ஜாக்கி சரிந்தது.

அவ்வளவுதான். அலறக்கூட அவகாசம் இல்லை.

குப்பண்ணன், அந்தப் பாவி மனுஷன், என்ன செய்தார் தெரியுமா? ஒரு குதிரைவண்டியைப் பிடித்து ரயிலடிக்குப் போய்விட்டார்! வண்டியைத் தூக்கிப் பிணத்தை வெளியே எடுத்தவர்கள் அப்புசாமியும் சங்கையாவும்தான். ஸ்பானர் கிடைக்கவில்லை. மண்ணைச் சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பூசையை எடுக்க முடியாமல் போயிற்று. இலை காய்ந்து சருகாகி, ஆயுதமெல்லாம் துருவேறி... சங்கையா அந்த விளக்குக்கு மட்டும் நாள் தவறாமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வேறு வேலை பார்க்கவில்லை. பூசையில் இருக்கிற ஆயுதத்தை எப்படித் தொடுவான்?

குப்பண்ணன், “இனிமே கம்பெனிதான்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

டக்...

பின் சக்கரத்துப் பக்கம், கீழே. ஒரு மைல் போனால் ஒரு டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். இரும்பில் இரும்பு விழுகிற மாதிரி. கம்பெனியில் வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு கோளாறும் இல்லை. மேஸ்திரி மத்தியாஸ் அப்புசாமியைத் தனியே கூப்பிட்டு, பின் சக்கரத்து நட்டைக் காட்டினார். நட்டில் ஈரம். தொட்டு முகர்ந்தால் சந்தனம்.

“யாருப்பா இதுல கை வச்சது? எல்லா நட்டையும் யாரோ புதுசா முறுக்கியிருக்காங்க. வெளியாள் தொட்டா நாங்க பொறுப்பில்லைன்னு உங்க முதலாளிகிட்டச் சொன்னோமா இல்லையா?”

அடுத்த முறை போனபோதும் சந்தனம். அதற்கடுத்த முறையும் சந்தனம், ஈரம் காயாமல். குப்பண்ணனுக்குத் தலைக்கேறிவிட்டது. சங்கையாதான் ராத்திரியில் வந்து கைவரிசை காட்டுகிறான் என்று முடிவுகட்டி, வண்டிக் கொட்டகைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு வாசலில் நாயைக் கட்டினார்.

சங்கையா ஒருநாள் பகலில் வந்தான், கும்பிட்டபடியே. “மொதலாளி, அந்த ஸ்பானரு ஒங்க வண்டியிலதான் எங்கயோ கெடக்கும்யா. ஒரே ஒருக்கப் பாத்து எடுத்துக்கிடுதேன். பூசைய எடுத்துட்டா எங்கண்ணன் போயிருவான். அவனுக்கு வேல முடியல, அதான் சுத்துதான்.”

குப்பண்ணன் நாயை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு சங்கையா நொண்டித்தான் நடந்தான். கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வருஷம் திரும்பியது. மறுபடியும் ஆயுத பூஜை. ஊரே வண்டிமாட்டுக் கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறது. குப்பண்ணனோ, “தொரை கம்பெனிக்கு ஏதுடா ஆயுத பூசை? எடுடா வண்டிய, கோயமுத்தூருக்கு” என்றார். வீம்பு, வேறென்ன?

அப்புசாமியின் பெண்சாதி பூவாத்தாள் வழியை மறித்துக்கொண்டாள். நிறைமாத கர்ப்பிணி. “வண்டி ஓட்டறது உங்க பொழப்பு, வேண்டாங்கல. ஆனா இன்னைக்கு ஒரு ஆயுதத்தையும் தொடமாட்டேன், வண்டிக்குக் கீழ போகமாட்டேன்னு எம்பட வகுத்துல கை வச்சுச் சொல்லிப்போட்டுப் போங்க” என்றாள். அப்புசாமி கை வைத்துச் சத்தியம் செய்தார். கைக்குக் கீழே பிள்ளை புரண்டது.

ஊர் எல்லையில் தகரக் கொட்டகை. சங்கையா நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அப்புசாமி வண்டியின் வேகத்தைக் குறைத்தபடி குப்பண்ணனிடம் சொன்னார்.

“ஏனுங்க பண்ணாடி, ஒரு நிமிசம் நிறுத்தறேனுங்க, அவன் பாத்துக்கட்டுமுங்க. இன்னைக்கு நாள் சரியில்லீங்க.”

“ஏத்துடா அவன் மேல!”

சங்கையா விலகிக்கொண்டான். அப்புசாமி கண்ணாடியில் பார்த்தார். அவன் ரோட்டிலேயே உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தான்.

கொழிஞ்சாம்பாறை தாண்டியது. வெயில் உச்சிக்கு ஏறியது. பனைமரத்து நிழல் அதனதன் காலடியில் சுருண்டு கிடந்தது. அப்போது... டக்.

உடனே இன்னொரு டக். இந்த முறை ஒரு மைல் இடைவெளி இல்லை. டக், டக், டக்... பின் சக்கரம் தறிகெட்டு ஆடியது. பெட்ரோல் வாசனைக்கு நடுவே சந்தன வாசனை, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி. அப்புசாமி வண்டியை ஓரம் கட்டினார்.

“எறங்கிப் பாருடா” என்றார் குப்பண்ணன்.

“மன்னிச்சுக்குங்க பண்ணாடி. இன்னைக்கு என்னால முடியாதுங்க. ஊட்டுல சத்தியம் பண்ணிப்போட்டு வந்திருக்கறேனுங்க.”

“அப்ப நடந்தே ஊட்டுக்குப் போ. நாளைக்கு எம்பட நெலத்துல உம்பட குடிசை இருக்காது. வகுத்துப் பிள்ளக்காரிய எந்தப் பனைமரத்தடீல வச்சுப் பிரசவம் பாப்பியோ, பாத்துக்கோ.”

அப்புசாமி வண்டியை விட்டு இறங்கினார். குடிசை போய்விடும். ஆனால் கைக்குக் கீழே புரண்ட பிள்ளை? வண்டிக்குக் கீழே போனால் அதன் முகத்தைப் பார்ப்போமா? அவர் நாலு எட்டு நடந்துபோய், ஒரு பனைமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பண்ணாடி பேச்சைத் தட்டினார்.

“பொட்டப் பயலே! கம்பெனியும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம், நீயும் வேண்டாம்டா. எனக்குத் தெரியாததா?”

குப்பண்ணனே ஜாக்கியை எடுத்தார். வைத்துத் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கெட்ட கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே மல்லாந்து கீழே போனார். முழங்காலுக்குக் கீழே கால் மட்டும் வெளியே தெரிந்தது. செருப்போடு.

வசவு சட்டென்று நின்றது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. பிறகு கீழேயிருந்து குப்பண்ணனின் குரல்.

“டேய் அப்புசாமி, சத்தியம் பண்ணுன பெரிய மனுசன் இப்ப எதுக்குடா உள்ள வந்து படுத்திருக்கற?”

அப்புசாமி பனைமரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கட்டால தள்ளிப் படுடா, மூச்சு உட முடீல... என்னடா அது கையில, ஸ்பானரா? எங்கடா கெடச்சுது? கொண்டா இங்க.”

அப்புசாமி குனிந்து பார்த்தார். குப்பண்ணனின் செருப்புக் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால். வெறுங்கால். உள்ளங்கால் முழுக்கக் கறுப்பு மசகு.

டக்.

ஜாக்கியின் கைப்பிடி தானாக இறங்கி ஏறியது. வண்டி ஒரு பல் கீழே வந்தது. ஐயோ... ஒரு வருஷமாகக் கம்பெனிக்காரர்கள் தேடித் தேடிக் கண்டுபிடிக்காத சத்தம் அதுதான். ஜாக்கி பல் பல்லாக இறங்குகிற சத்தம். ஒரு வருஷமாக, ஒவ்வொரு பல்லாக...

டக்.

“பண்ணாடி, வெளிய வாங்க!” அப்புசாமி பாய்ந்துபோய்க் குப்பண்ணனின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். என்ன இருந்தாலும் உப்பைத் தின்றவர் அல்லவா? பலம் கொண்ட மட்டும் இழுத்தார். உடம்பு ஒரு முழம் வெளியே வந்தது. அப்போது உள்ளேயிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். அப்புசாமியின் கையில் செருப்பு இரண்டும் மட்டும் தங்கின.

டக்.

வேலந்தாவளத்துச் சந்தை ஆட்கள் வந்து வண்டியைத் தூக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. குப்பண்ணனின் கை நெஞ்சின் மேல் இறுகி மூடியிருந்தது. விரலைப் பிரித்தார்கள். உள்ளே ஸ்பானர். அதில் சந்தனம், குங்குமம்... இரண்டும் ஈரம்.

அப்புசாமி அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய்ச் சங்கையாவிடம் கொடுத்தார். மறுநாள் விடியற்காலையில் பூசை எடுத்தார்கள். சங்கையா அண்ணனை நினைத்து ஓவென்று அழுதான். பூவாத்தாளுக்கு அந்த வாரமே ஆண்பிள்ளை. அப்புசாமி அதற்குப் பிறகு மோட்டார் பக்கமே போகவில்லை.

வண்டியை என்ன செய்தார்களா? கோயமுத்தூர்க் கம்பெனியிலேயே திருப்பி விட்டுவிட்டார்கள். ரொம்ப நாள் கழித்து மத்தியாஸ் மேஸ்திரி ஒரு சந்தையில் அப்புசாமியைப் பார்த்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று அப்புசாமி கேட்டார்.

“அந்தச் சத்தம் நின்னுபோச்சுப்பா. சந்தனமும் இல்லை. ஆனா எங்க பசங்க யாரும் அதுக்குக் கீழ போகமாட்டேங்கறாங்க” என்றார் மேஸ்திரி. “போய்ப் படுத்தா, பக்கத்துலயே ஒரு குரல் கேக்குதாம்... அக்கட்டால தள்ளிப் படுடா, மூச்சு உட முடீலன்னு.”