பெட்டி இருக்கும் இடம்தான் உச்சி

நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்திப் போட்டதற்கு நன்றி. இரண்டாவது மாடிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. இனி நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. பதினான்கு வருடமாக, வருடத்துக்கு இரண்டு முறை, ஆட்களைத் திரட்டி அந்தப் பாறை மலைக்குக் கூட்டிப்போகிறேன். காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். உச்சியில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. அதில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு என் கடையிலேயே சான்றிதழ் அச்சடித்து, லேமினேட் செய்து கொடுப்பேன். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'சிகரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் மாமியாரும் அப்படித்தான். அதற்கு முன்பு அவர் என்னை வேறு மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அதை எழுத வேண்டாம்.

பெட்டியை வைத்தது நான். வைத்த இடத்துக்கு அப்பால் மலை இன்னும் கொஞ்சம் போகிறது என்பது உண்மைதான். முதலில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு வெட்டு, கயிறு இல்லாமல் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. பிறகு ஒரு ஒல்லி முகடு, இரண்டு பக்கமும் பாதாளம். அதற்கப்புறம் இன்னொரு பாறை. அதை நான் மலையோடு சேர்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தங்கை வந்தாள். நில அளவை வேலை பார்ப்பவள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, இவள் மட்டம் பார்க்கும் குழலைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தாள். லீவு நாளில் வேலைச் சாமானைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? நான் என்ன ஜெராக்ஸ் மெஷினையா தூக்கிக்கொண்டு போனேன்?

"அத்தான், அந்தப் பாறை இதைவிட உயரமா இருக்கே."

"வெயில்ல அப்படித்தாம்மா தெரியும்."

"மட்டத்துக்கு வெயிலாவது மழையாவது. அப்போ பதினாலு வருஷமா யாருமே உச்சிக்குப் போகலையா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லோரிடமும் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். கயிற்றைப் பாறையில் கட்டிக் கொடுத்ததே நான்தான். வெட்டில் இறங்கினாள், முகட்டில் ஆடு மாதிரி ஓடினாள், அந்தப் பாறைமேல் நின்று கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தேன். சாமானைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இறங்கும்போது நான் தலை எண்ணி, "கணக்கு சரி" என்று சொன்னால்தான் எங்கள் குழுவில் யாரும் காலை எடுத்து வைப்பார்கள். பன்னிரண்டு பேர் போயிருந்தோம். பதினொன்று எண்ணினேன். "கணக்கு சரி" என்றேன். பல் டாக்டர் ஒருவர் மட்டும் அவளைத் தேடினார். முன்னாலேயே இறங்கிவிட்டாள் என்றேன். அவர் நம்பினார், நல்ல மனிதர்.

படம் எடுக்கச் சொல்லி அவள் கொடுத்த போன் என் சட்டைப்பையில் இருந்தது. பாதி வழியில் அடித்தது, என் மனைவிதான். "இயற்கையை ரசிச்சுக்கிட்டு இருக்கா," என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? பத்து மணி நேரம் ரசித்திருக்கிறாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் என் மனைவியும் தலை எண்ணினாள். "ஒண்ணுதான் இருக்கு," என்றாள். உங்களைக் கூப்பிட்டுத் தங்கையை இறக்கிக் கொண்டுவரச் செய்ததும் அவள்தான்.

ஆமாம், தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். அவள் இறங்கி வந்து வாயைத் திறந்தால் முந்நூறு பேர் வீட்டுச் சுவரில் தொங்கும் சான்றிதழ் என்ன ஆவது? ஒரு கொழுந்தியாளுக்காக முந்நூறு பேர் மனதை நோகடிக்க முடியுமா? என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

இப்போது பெட்டியை அந்தப் பாறைக்கு மாற்ற வேண்டும் என்கிறாளாம். தாராளமாக மாற்றட்டும். நானே முன்னால் நின்று கூட்டிப்போகிறேன், வெட்டு வரைக்கும். அங்கே உட்கார்ந்து தலை எண்ண ஒரு ஆள் வேண்டுமே.